நம்ம ஊர் ஆட்கள் நம்ம போட்டோவைப் பார்க்க

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் 17 வருஷமாக டிசைன் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் எடுத்த படத்தைக் காலண்டரில் ஏற்றுவதுதான் பிழைப்பு. முருகன், பிள்ளையார், கொழுகொழு குழந்தை, நாங்கள் யாரும் போயிராத ஏதோ ஒரு பனிமலை. ஞாயிற்றுக்கிழமையானால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கானைத் தூக்கிக்கொண்டு நான் எடுப்பது வேறு: வெயிலில் காயும் அச்சுத் தாள் கழிவு, கண்மாய்க் கரைப் பனை, ஆமத்தூர் ரோட்டில் ஆடு பத்திக்கொண்டு போகிறவர். ஹார்ட் டிஸ்க் நிறைந்தது. பார்த்தது நானும் என் வீட்டுக்காரரும். அவரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டேதான் "நல்லாருக்கு" என்பார்.

அப்புறம் செய்யக் கூடாததைச் செய்தேன். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலை ஒருநாள் வாடகைக்குப் பிடித்து 40 படம் மாட்டினேன். வந்தது 31 பேர். அதில் பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள், மீதி பிரஸ் ஆட்கள். கேசரி தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. மாலையில் விளக்கை அணைக்க வந்த வாட்ச்மேன் மட்டும் ஒரு படத்தின் முன் நின்றார். பாய்லர் ஆவிக்குப் பின்னால் பாதி மறைந்த முகம். "இது நம்ம அண்ணாச்சி கடையில்ல?" என்றார்.

மறுநாள் அந்தப் படத்தைக் கழற்றிக் கொண்டுபோய் டீக்கடை அண்ணாச்சியிடமே கொடுத்தேன். அவர் துண்டால் துடைத்துவிட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். மண்டபத்துக்கு நான் கொடுத்த வாடகைக்குக் கிடைக்காத கூட்டம் தினமும் காலை 6 மணிக்கே அந்தச் சுவருக்கு முன்னால் நின்றது. அன்றையிலிருந்து நான் யாரையும் படம் பார்க்க வா என்று கூப்பிடுவதில்லை. ஆள் ஏற்கெனவே நிற்கிற இடத்துக்குப் படம்தான் போகும். கீழே இருப்பதெல்லாம் அப்படிப் போனதில் கற்றுக்கொண்டது.

எதை மாட்டுவது

நமக்குப் பிடித்த படமும் ஊருக்குப் பிடித்த படமும் ஒன்றில்லை. என் கணக்கில் உயர்ந்த படம், மழை ஈரத்தில் ஒரு சைக்கிள் நிழல். ஒரு பயல் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய தண்ணீர்த் தொட்டி, மூடிப்போன தியேட்டரின் டிக்கெட் சந்து, ஸ்டேஷனில் பொதிகை ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டம் இதற்கெல்லாம் ஆள் நின்றார்கள். அடையாளம் தெரிய வேண்டும். "இது எங்க?" என்று கேட்டு, பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு கிளம்பினால்தான் படம் ஜெயித்ததாக நான் எடுத்துக்கொள்வேன்.

பொறுக்குவதற்கு ஒரு வழி. சுமாராக 50 படத்தை 4×6 அளவில் பிரிண்ட் போட்டு வீட்டுத் தரையில் பரப்புங்கள். கம்ப்யூட்டர் திரையில் பொறுக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா, பால்காரர், படிக்கிற பிள்ளை என மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டு, ஒன்றும் கேட்காமல் சும்மா பார்க்கச் சொல்லுங்கள். வாயால் பாராட்டுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், நம் முகத்துக்காகச் சொல்வார்கள். எதைக் குனிந்து கையில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். கையில் எடுத்ததைத் தனியாக வையுங்கள். 12 தேறினால் போதும்.

முதல் முறை ஒரே இடத்தைப் பற்றிய படங்களாக இருப்பது நல்லது. ஒரு தெரு, ஒரு சந்தை, ஒரு கண்மாய். பறவை ஒன்று, கோபுரம் ஒன்று, மழைத்துளி ஒன்று என்று கலந்துகட்டி மாட்டினால் ஸ்டூடியோ வாசலில் வைத்திருக்கும் சாம்பிள் போர்டு மாதிரி ஆகிவிடும்.

பிரிண்ட்: இங்கேதான் பலர் சறுக்குவது

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிக்கு (பிக்சல்) வந்துவிடும். அதை 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. முகம் மெழுகு மாதிரி இருக்கும். அதே கோப்பு 4×6 பிரிண்டுக்கு ஓடிவிடும், 6 அங்குலத்துக்கு 1600 என்பது ஏறக்குறையப் போதும். ஆகவே லேபுக்கு அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, சுவரில் மாட்டி இரண்டு மூன்றடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 இருந்தாலே நன்றாக வரும்.

அடுத்தது அளவு. கேமரா படம் 3:2 விகிதம். அது 8×12, 12×18 பிரிண்டில் அப்படியே உட்காரும். பெரும்பாலான செல்ஃபோன் படம் 4:3. அதை 12×18 போடச் சொன்னால் லேப் பையன் உங்களைக் கேட்காமலே மேலேயோ கீழேயோ ஒன்பதில் ஒரு பங்கை வெட்டிவிடுவான். என் மதினி மகன் எடுத்த சேவல் படத்தில் கொண்டை போனது அப்படித்தான். ஃபோன் படத்துக்கு 12×16 கேளுங்கள். லேபில் 12×18 தாள்தான் இருக்கிறது என்றால், மீதிப் பக்கத்தில் வெள்ளையாக விட்டுவிடச் சொல்லி, அந்த இடத்தில் படக்குறிப்பை எழுதிக்கொள்ளலாம்.

திரையில் பார்த்த வெளிச்சம் தாளில் வராது. திரை தானே ஒளிர்கிற சாமான், தாள் விழுந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற சாமான். அதிலும் டீக்கடை டியூப் லைட் வெளிச்சம். நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் கரிய முகங்கள் எல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாக வரும். நம் ஆட்களின் நிறத்துக்கு இது ரொம்ப முக்கியம். வெளுப்பாக்கச் சொல்லவில்லை, கண்ணும் கன்னமும் தெரியும் அளவுக்குத் தூக்குங்கள் என்கிறேன். ஒரே ஒரு பிரிண்ட் போட்டு, அதை மாட்டப் போகும் இடத்துக்கே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். சதுர அடிக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் ஃப்ளெக்ஸைப் பார்த்தாலே நம் ஆளுக்குக் கண்ணீர் அஞ்சலியோ பிறந்தநாள் வாழ்த்தோதான் ஞாபகம் வரும். பளபளப்பான தாளும் கண்ணாடி ஃப்ரேமும் வேண்டாம், எதிரே இருக்கிற ஜன்னலும் லைட்டும்தான் அதில் தெரியும். மேட் தாளில் போட்டு, மேட் லேமினேஷன் செய்து, சன்போர்டு என்கிற லேசான பலகையில் ஒட்டி வாங்குங்கள். எண்ணெய்ப் புகை படிந்தாலும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

ஒட்டுவதில் ஒரு பாடம். இரட்டைப் பக்க டேப்பை நம்பி ஒரு சலூனில் ஆறு படம் ஒட்டினேன். சுண்ணாம்பு அடித்த சுவர். சித்திரை வெயிலில் மூன்றாம் நாள், முகச்சவரம் நடந்துகொண்டிருக்கும்போது ஒன்று சரிந்து விழுந்தது. கத்தி கழுத்தில் இருந்த நேரம். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த வாடிக்கையாளர் என்னை எங்கே பார்த்தாலும் கழுத்தைத் தடவிக்காட்டுவார். இப்போது ஆணி இரண்டு, நடுவே கட்டுக்கம்பி, அதில் காகித கிளிப். ஆணி அடிக்க முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வாடகைக் கடையாக இருந்தால் கட்டட ஓனரிடமும்.

எங்கே மாட்டுவது, எப்படிக் கேட்பது

காத்திருக்கிற இடம்தான் நல்ல இடம். சலூன், டெய்லர் கடை, டாக்டரின் வெளித்திண்ணை, மாவு மில், டூவீலர் மெக்கானிக் பட்டறை. பேங்கிலும் காத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே அனுமதி வாங்க நாம் காத்திருக்க வேண்டிவரும். ஹோட்டல் எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பரோட்டாவைப் பார்த்தபின் வேறெதையும் பார்ப்பதில்லை.

"அண்ணாச்சி, உங்க கடையில போட்டோ கண்காட்சி வைக்கலாமா?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பயந்துவிடுவார்கள். கூட்டம், செலவு, போலீஸ் பெர்மிஷன் என்று மனசு போகும். நான் செய்வது இது. முதலில் அந்தக் கடையில் ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டுச் சும்மா கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பத்து நாள் கழித்துப் போவேன். அது சுவரில் இருந்தால் பேச்சு எடுப்பேன். அலமாரிக்குள் போயிருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

உயரத்தைக் கவனியுங்கள். சலூனில் உட்கார்ந்து பார்ப்பார்கள், படத்தின் நடு தரையிலிருந்து நாலடிக்குள் இருக்க வேண்டும். டீக்கடையில் நின்று பார்ப்பார்கள், அங்கே ஐந்தடி. சாமி படத்துக்கு மேலே மாட்டவே கூடாது, பக்கத்திலும் வேண்டாம். இறந்துபோன அப்பா படத்துக்கு மாலை போட்டிருக்கும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். பாய்லர், தோசைக்கல் பக்கம் நாலடி தள்ளி.

ஒரு இடத்தில் ஆறு வாரத்துக்கு மேல் ஒரே படங்கள் வேண்டாம். அதற்குப் பின் அது சுவரோடு சுவராகிவிடும், கண் போகாது.

படத்துக்குக் கீழே எழுதுவது

தமிழில், இரண்டு வரி, நின்ற இடத்திலிருந்து படிக்கிற அளவில். 'மௌனத்தின் ராகம்' மாதிரித் தலைப்பு வைப்பதை விட்டுவிடுங்கள், நானும் வைத்தவள்தான். இடம், மாதம், வருஷம் போதும். அதற்குக் கீழே ஒரு கேள்வி எழுதினால் இன்னும் நல்லது. செங்கமலநாச்சியார்புரம் போகும் வழியில் தூர்ந்துபோன ஒரு கிணற்றின் படத்துக்கு, 'இதில் நீச்சல் பழகியவர்கள் உண்டா?' என்று எழுதினேன். பக்கத்தில் கயிற்றில் ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும் தொங்கவிட்டேன். பேனா மூன்று முறை காணாமல் போனது. நோட்டில் 14 பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கிணற்றின் ஆழம் எத்தனை மட்டம் என்று எழுத, இன்னொருவர் அதை அடித்துத் திருத்தியிருந்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் பெயரை மறக்காமல் போடுங்கள். ஃபோன் நம்பர் போடுவதா என்பது உங்கள் இஷ்டம். பெண்கள் போட வேண்டாம் என்பேன். போட்டேன், ராத்திரி 11 மணிக்கு 'ஹாய்' வர ஆரம்பித்ததும் எடுத்துவிட்டேன். இப்போது கடைக்காரரிடம் கேட்கச் சொல்லி எழுதிவிடுகிறேன். அவர் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் நம்பர் கொடுப்பார்.

எடுக்கக் கேட்பது வேறு, மாட்டக் கேட்பது வேறு

திண்ணையில் உட்கார்ந்து காகிதக் கவர் ஒட்டும் ஒரு பாட்டியை எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எடுத்துக்கோ தாயி, கிழவிய எடுத்து என்ன செய்யப்போற" என்று சிரித்தார். பசை காய்ந்து வெடித்த விரல்கள், பக்கவாட்டு வெளிச்சம். எனக்கு அந்த வருஷத்தின் நல்ல படம். டீக்கடையில் மாட்டிய மூன்றாம் நாள், பாட்டியின் மகள் பிரஸ் கேட்டில் வந்து நின்றார். "எங்கம்மா கிழிஞ்ச சேலையோட இருக்கிறதுதான் ஊருக்குத் தெரியணுமா? நாங்க சேலை எடுத்துக் கொடுக்கலன்னு நாலு பேரு கேக்க மாட்டாகளா?"

சேலை கிழிந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. ஆயிரம் முறை திரையில் பார்த்த படம், கையை மட்டும் பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலமே கழற்றினேன். பிரிண்டை அவர் கையில் கொடுத்து, கோப்பையும் அழித்தேன். இரண்டு மாதம் கழித்துப் பாட்டியே ஆள் விட்டார். அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, நாற்காலி, முழங்கால்மேல் இரண்டு கையும் விறைப்பாக. படமாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் அது போன இடத்திலெல்லாம் அந்தத் தெருவே வந்து பார்த்தது.

அதனால் இரண்டு முறை கேளுங்கள். எடுக்கும்போது ஒரு முறை. பிரிண்டைக் கையில் கொடுத்து, 'இதை இன்ன கடையில் மாட்டலாமா' என்று இன்னொரு முறை, வீட்டில் மற்றவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து. குழந்தைகள் என்றால் அம்மா அப்பா இரண்டு பேரும் சரி சொன்னால் மட்டும்.

கோயிலுக்குள் எடுப்பதை மறந்துவிடுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்ஃபோனுக்குத் தடை சொன்னபிறகு கெடுபிடி அதிகம். வெளிப்பிரகாரத்துக்கும் வெளியே, வீதியில், எடுக்க எவ்வளவோ இருக்கிறது. பட்டாசு ஆலைப் பக்கம் கேமரா, ஃபோன் எதுவும் கொண்டுபோக வேண்டாம். அது உயிர் விஷயம்.

திருவிழா, நூலகம், பேப்பர்

பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் சமயத்தில் ஊரே வீதியில் இருக்கும். அப்போது எடுக்கிற படத்தைவிட, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கிற பிரிண்ட் பெரிது. எடுக்கும்போது எல்லாரும் "அனுப்பி வைக்கா" என்பார்கள். அதை ஒரு சின்ன நோட்டில் குறியுங்கள்: யார், எந்தத் தெரு, எந்தப் படம். 4×6-ல் போட்டுப் பின்னால் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுக்காத போட்டோக்காரர்களால் ஊர் நிறையவே ஏமாந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த திருவிழாவில் மாடி ஏறி எடுக்க அவர்களே வீட்டைத் திறந்துவிடுவார்கள்.

கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அங்கே கேட்டுப்பாருங்கள். மேசை நாற்காலியும் சுவரும் இருக்கும், வாடகை கிடையாது. ஏதாவது ஒரு நாளோடு சேர்த்துக் கேட்டால் சீக்கிரம் சம்மதிப்பார்கள். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள், 1839-ல் டாகெரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையைப் பிரெஞ்சு அரசு உலகுக்கு அறிவித்த தேதி. பறவை, காடு எடுப்பவர்களுக்கு அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். நான் 2022-ல் வெம்பக்கோட்டை மேட்டுக்காட்டில் அகழாய்வு தொடங்கிய சமயத்தில், சுற்றுப்பட்டு ஊர்களின் படங்களோடு நூலகத்துக்குப் போனேன். நாலு பேர் பேசியதில் மூன்று பேர் படத்தைப் பற்றிப் பேசவில்லை, வெம்பக்கோட்டையைப் பற்றியே பேசினார்கள். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

பேப்பருக்கு அனுப்புவதென்றால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். அழகு அங்கே இரண்டாம் பட்சம். திடீர் மழை, அணையில் தண்ணீர், சாய்ந்த மரம். யார், எங்கே, எப்போது என்று மூன்று வரியோடு சாயங்காலத்துக்குள் நிருபர் கையில் இருந்தால் ஒருவேளை வரும்.

காலண்டர்

இதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒரு படம் 365 நாளும் ஒரு வீட்டுச் சுவரில் இருக்க வேண்டுமென்றால் காலண்டரைவிட வேறு வழி கிடையாது.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும். கடைக்காரர்கள் அதிலிருந்து பொறுக்கி ஆர்டர் கொடுப்பார்கள். அதாவது டிசைன் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும். உங்கள் படம் உள்ளே போக வேண்டுமென்றால் சித்திரை வைகாசியிலேயே பேச வேண்டும். டிசம்பரில் வந்து கேட்பவர்களுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுப்போம்.

ஆல்பத்துக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளூர் ஜவுளிக்கடையோ மருந்துக்கடையோ தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காலண்டரில், சொந்தப் படம் வைத்துத் தனியாக அடித்துத் தரலாம். நூறுக்குள் என்றால் டிஜிட்டல் பிரிண்டில் 12 தாள், ஸ்பைரல் பைண்டிங். ஆயிரக்கணக்கில் என்றால் ஆஃப்செட்.

இதற்கென்றே எடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தினசரி காலண்டரில் படத்தின் கீழ்ப்பாதியில் தேதிக் கட்டு உட்காரும். கடைப் பெயர்ப் பட்டையும் இடம் பிடிக்கும். முக்கியமானதெல்லாம் மேலே இருக்க வேண்டும், கீழே தரையோ தண்ணீரோ போய்விட்டால் கவலையில்லை. நல்ல படம் என்று கொண்டு வருவார்கள், பார்த்தால் முகம் சரியாகத் தேதிக் கட்டுக்கு அடியில் இருக்கும். பளிச்சென்ற வயல் பச்சையும் ரோஸ் நிறமும் நாலு கலர் அச்சில் மங்கும் என்பதற்கும் தயாராக இருங்கள். அது பிரஸ்காரன் செய்த தப்பில்லை, அந்த மைகளின் எல்லை.

பேச்சை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. ஆனால் கடைக்காரர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை அவருக்கு. 'ஒரு வருஷக் காலண்டருக்கு மட்டும், படத்தின் உரிமை எடுத்தவருக்கே' என்று இரண்டு வரி, இரண்டு கையெழுத்து. நான் ஒருமுறை வாய்ப்பேச்சில் கொடுத்த கண்மாய்ப் படம் அடுத்த வருஷம் ஒரு ஊதுபத்திப் பெட்டியில் வந்தது. என் பெயரும் இல்லை, கண்மாயும் இடவலமாகத் திருப்பி அச்சாகியிருந்தது.

கழற்றிய பழைய பிரிண்ட்களைப் பரணில் போட்டு வைக்காதீர்கள். பின்னால் பென்சிலால் தேதி எழுதி, படத்தில் இருப்பவர் வீட்டுக்கோ அந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். சலூன்காரர் மட்டும் தராமல் வைத்திருக்கிறார், ஆறு மாதமாகக் கேட்கிறேன். "வாரவக பாத்துக்கிட்டு இருக்காகக்கா, அடுத்ததக் கொண்டாங்க, அப்புறம் கழட்டுறேன்" என்கிறார்.